விசுவாசப் பிரமாணத்தில் ஓர் ஆளுநர்



தேவாலயத்தில் எழுந்து நின்று விசுவாசப் பிரமாணம் சொல்கிறோமே, அதில் இயேசுவையும் மரியாளையும் விட்டால் இன்னும் ஒரே ஒரு மனிதரின் பெயர்தான் வருகிறது. பேதுரு இல்லை, பவுல் இல்லை, ஆபிரகாம்கூட இல்லை. பொந்தியு பிலாத்து! மரண தண்டனைக்குக் கையசைத்த ரோம ஆளுநர். சிறுவயதில் எனக்கு இது பெரிய நெருடல். கடவுளை அறிக்கையிடும் இடத்தில் இவருக்கென்ன வேலை?

பிறகுதான் புரிந்தது, சபை அங்கே தேதி போடுகிறது. ஒரு ஊரில் ஒரு ராஜா என்று கதை சொல்லவில்லை. இந்த அதிகாரி ஆண்டபோது, இந்த மண்ணில் நடந்தது என்கிறது. கிறிஸ்துவின் உடல் வெறும் தோற்றம், அவர் பட்ட பாடும் தோற்றம் என்று சொன்னவர்கள் ஆதியிலேயே இருந்தார்கள். அந்தியோகியாவின் பேராயர் இக்னேசியஸ், சாவதற்காக விலங்கிட்டு ரோமுக்குக் கொண்டுபோகப்படும் வழியில், அவர்களுக்கு எதிராகக் கடிதம் எழுதினார். பிலாத்துவின் பெயரைச் சொல்லி, "உண்மையாகவே, உண்மையாகவே" என்று அழுத்தி அழுத்தி எழுதினார். தன் விலங்கு தோற்றமில்லை என்று அவர் மணிக்கட்டுக்குத் தெரியாதா?

அந்தப் பெயர் கல்லிலும் கிடைத்தது. 1961-ல் இஸ்ரேலின் செசரியாவில், கடலோரத்துப் பழைய அரங்கத்தைத் தோண்டிய இத்தாலிய ஆய்வாளர்கள் ஒரு சுண்ணாம்புக் கல்லைப் புரட்டினார்கள். படிக்கட்டுக்குப் போட்டிருந்த கல். இடப்பக்க எழுத்துகள் சிதைந்துபோயிருந்தன. மிஞ்சியதில் பேரரசர் திபேரியுவின் பெயரால் அமைந்த ஒரு கட்டடம், அதன் கீழே பிலாத்துவின் பெயர், அதன் கீழே யூதேயா. ஆளுநரின் பெயரை எத்தனை கால்கள் மிதித்து ஏறினவோ!

அதே திபேரியுவை வைத்துத்தான் லூக்கா தன் மூன்றாம் அதிகாரத்தைத் தொடங்குகிறார். இராயனின் பதினைந்தாம் ஆண்டு. பிலாத்து, ஏரோது, பிலிப்பு, லிசானியா, அன்னா, காய்பா என்று, இராயனையும் சேர்த்து, பெரிய தலைகள் மொத்தம் ஏழு. அடுத்து தேவ வார்த்தை வருகிறது. எங்கே? அந்த ஏழு பேரின் வாசலையும் தாண்டி, வனாந்தரத்திலிருந்த சகரியாவின் மகனிடம்.

அந்த வனாந்தரத்தைச் சபையே பலமுறை மறந்திருக்கிறது என்பது என் வருத்தம். ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் சிங்காசனத்தில் இருந்தபோது, கடவுளின் ஆட்சியே அதில் சாயல் காட்டுவதாகப் பேராயர் யூசேபியஸ் புகழ்ந்தார். 410-ல் விசிகோத் அரசன் அலாரிக் ரோமைச் சூறையாடினான். சிங்காசனத்தோடு கட்டிவைத்த கடவுளை என்ன செய்வது? பேராயர் அகஸ்டின் பத்து ஆண்டுக்கு மேல் உட்கார்ந்து, 22 புத்தகங்களாக, எந்தப் பேரரசும் கடவுளின் நகரமாகாது என்று வாதாடினார்.

சிங்காசனத்தில் இல்லையென்றால் கடவுள் எங்கே? 1943 ஜூலையில் ஜெர்மனியின் ஹாம்பர்க் குண்டுவீச்சில் எரிந்தது. விமான எதிர்ப்புப் படையில் நின்ற பதினேழு வயதுப் பையன் யூர்கன் மோல்ட்மனின் பக்கத்திலேயே அவன் நண்பன் சிதறிச் செத்தான். கடவுளே, எங்கே இருக்கிறீர் என்று அன்றிரவு கேட்டான், அதுவரை கடவுளைத் தேடாத பையன். பின்னாளில் பெரும் இறையியலாளராகி, சிலுவையில் அறையப்பட்ட கடவுளைப் பற்றி 1972-ல் நூல் எழுதியவர் அவர்தான். போர்க்கைதியாக இருந்தபோது, கையில் கிடைத்த வேதாகமத்தில் மாற்கு எழுதிய பாடுகளை வாசித்தார். கைவிடப்பட்டவரின் கதறலுக்கு வந்ததும், என்னைப் புரிந்துகொண்டவர் ஒருவர் இங்கே இருக்கிறார் என்று உணர்ந்தார். பிலாத்து ஆண்ட காலத்தில், எருசலேமின் மதிலுக்கு வெளியே, பிற்பகல் மூன்று மணிக்கு எழுந்த கதறல் அது.