பேர்ப் பட்டியல் கேட்கிறார்கள்



அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்பவனின் அந்தரங்கத்தைப் பற்றித் தாராவியில் கூடி நாம் ஏன் பேச வேண்டும் என்று வாசலிலேயே ஒரு தோழர் கேட்டுவிட்டார். நியாயமான கேள்வி. துப்பாக்கி மேல் நமக்கு மோகம் கிடையாது. அந்த நாட்டில் பள்ளிப் பிள்ளைகள் சுடப்பட்டுச் சாவதைப் படித்துப் பதறுகிறவர்கள்தான் நாம். ஆனாலும் நடந்ததைக் கேளுங்கள்.

ஏ.டி.என். என்ற அமெரிக்கக் கம்பெனி, துப்பாக்கியின் மேல் பொருத்துகிற குறிபார்க்கும் கருவி செய்கிறது. அதைக் கைப்பேசியோடு இணைக்க 'அப்சிடியன் 4' என்று ஒரு செயலி. இத்தகைய கருவியை அரசு உரிமம் இல்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்புவது அங்கே குற்றம். யாரோ அனுப்பியிருக்கிறார்கள் என்று விசாரணை. இதுவரை நாம் குறை சொல்ல ஒன்றுமில்லை.

2019 செப்டம்பரில் செய்தி வெளியாயிற்று. 2017 ஆகஸ்டு முதல் அந்தச் செயலியை இறக்கிக்கொண்ட அத்தனை பேருடைய விவரத்தையும் ஆப்பிளும் கூகுளும் ஒப்படைக்க உத்தரவிடுங்கள் என்று அமெரிக்க நீதி இலாகா நீதிமன்றத்தில் மனுச் செய்தது. பேர், தொலைபேசி எண், இணைய முகவரி, எந்த நேரத்தில் பயன்படுத்தினார்கள் என்பது வரை. கூகுளில் மட்டும் 10,000 பேருக்கு மேல். மனுவுக்கு ரகசிய முத்திரை விழுவதற்கு முன் 'ஃபோர்ப்ஸ்' பத்திரிகையின் கையில் சிக்கியதால் ஊருக்குத் தெரிந்தது.

ரயில்வேக்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். கள்ள டிக்கெட் விற்றவனைத் தேடுகிறவர் அவன் பேரையோ பி.என்.ஆர். எண்ணையோ சொல்லிக் கேட்கட்டும், தேடித் தருகிறோம். இரண்டு வருஷமாக இந்த வண்டியில் போன எல்லாருடைய சார்ட்டையும் எடு, அதில் திருடன் இருக்கிறானா பார்க்கிறேன் என்றால்? பிள்ளையைப் பார்க்கப் போன கிழவியும் அந்தச் சார்ட்டில்தானே இருக்கிறாள்!

இன்னொன்று. அந்த விசாரணையை நடத்தியது குடியேற்ற, சுங்க அமலாக்க இலாகா. உரிய காகிதம் இல்லாத குடியேறிகளைத் தேடிப் பிடித்து நாடு கடத்துவதும் அதே இலாகாதான். பிழைக்கப் போன இடத்தில் வாழ்கிற நாம் இதைப் படித்துவிட்டுச் சும்மா பக்கத்தைத் திருப்ப முடியாது. துப்பாக்கிக்காரர்களுக்காவது அங்கே 1986ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று துணை நிற்கிறது. அவர்களுக்கென்று தேசியப் பதிவேடு வைக்க மத்திய அரசுக்கு அது தடை விதிக்கிறது. குடியேறிக்கு யார் துணை?

அதே நாட்டில் அலபாமா மாநில அரசு, கறுப்பின மக்களின் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி.யிடம் உறுப்பினர் பட்டியலைக் கேட்டது. சங்கம் மறுத்தது. ஒரு லட்சம் டாலர் அபராதம் விழுந்தது. அப்போதும் கொடுக்கவில்லை. 1958இல் உச்ச நீதிமன்றம் சங்கத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. முன்பு பேர் வெளியானவர்களுக்கு வேலை போனதையும் மிரட்டல் வந்ததையும் நீதிபதிகள் எடுத்துச் சொன்னார்கள்.

இங்கே முன் வரிசையில் இருக்கிற பெரியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1960களில் 'மார்மிக்' இதழ், இந்த நகரத்துக் கம்பெனிகளில் உத்தியோகம் பார்த்த தென்னிந்தியரின் பேர்களை வரிசை வரிசையாக அச்சிட்டது. வெறும் பேர்கள்தான். பிறகு உடுப்பி ஓட்டல்கள் தாக்கப்பட்டதையும் அவர்கள் அறிவார்கள்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். 2023இல் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. ஆனால் அதன் 17ஆம் பிரிவு, மத்திய அரசு தன்னுடைய எந்த அமைப்புக்கும் நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்று காரணம் காட்டி விலக்குத் தர இடம் வைத்திருக்கிறது. வேலியில் இவ்வளவு பெரிய திட்டிவாசலா என்று கேட்கிறோம்.

நம் சங்கப் பதிவேட்டிலும் உங்கள் பேர், சொந்த ஊர், வீட்டு எண், தொலைபேசி எல்லாம் இருக்கின்றன. அதைச் செயலியில் ஏற்றலாம் என்று இளைஞர்கள் கொண்டுவந்த தீர்மானம் அடுத்து வருகிறது. ஏற்றட்டும், எதிர்க்கவில்லை. ஒரு திருத்தம் மட்டும் முன்மொழிகிறோம்: எவர் வந்து கேட்டாலும், குறிப்பிட்ட ஆளின் பேரைச் சொல்லும் சட்டப்படியான எழுத்து உத்தரவு இல்லாமல் ஒரு பக்கத்தையும் கொடுப்பதற்கில்லை, முழுப் பட்டியலையும் கேட்டால் அன்றைக்கே செயற்குழுவைக் கூட்ட வேண்டும். செயலாளர் குறித்துக்கொள்ளட்டும்.