மலையடிவார மக்களும் நாமும்

(ஜூபிலி விழாக் கூட்டத்தில் பங்குக்குரு ஆற்றிய உரை)



ஜூபிலி ஆண்டு நன்றி செலுத்தும் ஆண்டு மட்டுமன்று. ஆத்தும சோதனை செய்யவேண்டிய ஆண்டுமாகும். இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வாழும் நாம் மேற்கே நிமிர்ந்தால் மலை தெரிகிறது. அங்கே செண்பகத்தோப்புப் பக்கம், தேனெடுத்தும் கிழங்கு அகழ்ந்தும் பிழைத்து வந்த பளியர் மக்கள் இருக்கின்றனர். அவர்களிடம் நாம் எப்படிச் செல்லவேண்டும்? இதற்கு வேதபோதக வரலாற்றில் ஒரு பாடம் உண்டு.

தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி 1606-ல் மதுரைக்கு வந்து, தமிழும் வடமொழியும் கற்று உழைத்தார். அதே சேசு சபையைச் சேர்ந்த புனித பிரேபஃப், 1625-ல் பிரான்சு நாட்டின் குடியேற்றமாயிருந்த கனடாவுக்குச் சென்றார். ஹூரோன் பழங்குடி மக்களோடு தங்கி, அவர்கள் மொழியைக் கற்று, ஞானோபதேசத்தை அதில் பெயர்த்தார். 1649 மார்ச் 16-ல் அம்மக்களின் பகைவரான இரோகுவா இனத்தார் கையில் வேதசாட்சியாக மரித்தார். 1930-ல் புனிதராக உயர்த்தப்பட்டார்.

இத்தியாகத்தை வணங்குகிறோம். ஆனால் அதே நாட்டில் நடந்த வேறொன்றையும் மறைக்கலாகாது. ஐரோப்பியரோடு வந்த அம்மை முதலிய நோய்களால் 1634-க்கும் 1640-க்கும் இடையே ஹூரோன் மக்களில் ஏறக்குறைய பாதிப்பேர் மடிந்தனர். பகைவரிடமோ துப்பாக்கி இருந்தது. பிரெஞ்சுக்காரர் ஞானஸ்நானம் பெற்ற ஹூரோன்களுக்கு மட்டுமே துப்பாக்கி விற்றனர். அந்நிலையில் ஒருவன் ஞானஸ்நானம் கேட்டு வந்தால், விசுவாசத்தால் வந்தானா, உயிருக்குப் பயந்து வந்தானா என்று யார் சொல்லக்கூடும்?

1763-ல் கனடா ஆங்கிலேயர் வசமாயிற்று. பிற்காலத்தில் அந்நாட்டு அரசு ஏற்படுத்தி, கத்தோலிக்கரும் பிற சபையினரும் நடத்திய விடுதிப் பள்ளிகளில், பழங்குடிப் பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டனர். தாய்மொழி பேசியதற்காகத் தண்டிக்கப்பட்டனர். இதற்காக மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2022 ஜூலை 25-ல் கனடாவுக்கே சென்று, அம்மக்கள் முன் மன்னிப்புக் கேட்டார்.

நமது மதுரை மிஷனுக்கும் 1838-ல் பிரெஞ்சு சேசு சபைக் குருக்கள் வந்தனர். இங்கே ஆட்சி ஆங்கிலேயருடையது. இவர்களுக்குப் பின்னால் பிரெஞ்சுப் படையும் இல்லை, வியாபாரமும் இல்லை. ஜெபமும் கால்நடையும் தமிழுமே துணை. நாம் அவர்களுடைய ஞானப் பிள்ளைகள்.

பழனி மலைப் பளியரைப் பற்றிச் சேசு சபைக் குரு தாமன் 1908-லேயே ஓர் ஆய்வேட்டில் எழுதினார். சண்டையை வெறுத்து, வம்பு வந்தால் ஒதுங்கிப் போகிறவர்கள் பளியர் என்று பின்வந்த ஆராய்ச்சியாளரும் எழுதியுள்ளனர். எதிர்த்துப் பேசாதவனை ஏமாற்றுவது எளிது. ஆகவே நமக்குப் பொறுப்பு அதிகம்.

அரிசி மூட்டையை ஒரு கையிலும் ஞானஸ்நானப் புத்தகத்தை மறு கையிலும் ஏந்தி மலையேற வேண்டாம். சாதிச் சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலகம் செல்லும் பளியர் தகப்பனுக்கு, எழுதப் படிக்கத் தெரிந்த நம் வாலிபர் ஒருவர் துணை போகட்டும். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் தரும் உரிமையை நம் ஆசிரியர்கள் அவர்களுக்கு விளக்கட்டும். பிள்ளைகள் நம் ஊர்ப் பள்ளிகளுக்கு வரும்போது, அவர்களுடைய பேச்சைக் கேட்டு யாரும் நகைக்காதிருக்கட்டும். தேன் வாங்கினால் நியாய விலை கொடுப்போம். பிரதிபலன் கேளாமல் இவற்றைச் செய்வோம்.

நாம் யாரென்று அவர்களே கேட்கும் நாளில், கிறிஸ்துவின் பெயரைச் சொல்வோம். அதுவரை நம் நடத்தையே பேசட்டும். இந்த ஜூபிலி ஆண்டில் அதற்கான வரத்தை இறைவன் நம் எல்லோருக்கும் தந்தருள்வாராக.