பிரான்சிஸ் மேரி பஸ் அம்மையார்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பெண் கல்வியைக் குறித்துப் பேசுமாறு நமது காரியதரிசியார் பணித்தார்கள். கல்வியின் பெருமையை விரித்துரைப்பதினும், அதற்காக உழைத்த ஒருவருடைய சரித்திரத்தை எடுத்துரைப்பதே பயனுடைத்தென்று கருதுகின்றேன். விக்டோரியா மகாராணியார் ஆட்சியில் லண்டன் மாநகரில் உபாத்தியாயினியாக விளங்கிய பிரான்சிஸ் மேரி பஸ் என்னும் அம்மையாரே இன்று நான் சொல்லப் புகும் பெருமாட்டி.

அம்மையார் 1827-ஆம் ஆண்டு பிறந்தவர். தந்தையார் ராபர்ட் வில்லியம் பஸ் ஓர் ஓவியர். டிக்கன்ஸ் எழுதிய பிக்விக் கதை 1836-இல் பகுதி பகுதியாக வெளிவந்தபோது அதற்குப் படம் எழுத அமர்த்தப்பெற்று, விரைவிலேயே விலக்கப்பட்டவர் அவர். ஓவியத்தால் வந்த வருவாய் குடும்பத்திற்குப் போதவில்லை. ஆதலால் அன்னையார் 1845-இல் கென்டிஷ் டவுன் என்னும் பகுதியில் ஒரு சிறு பள்ளிக்கூடம் தொடங்கினார். பதினான்கு வயது முதலே பிறர்க்குக் கற்பிக்கப் புகுந்திருந்த மகள், அன்னைக்கு வலக்கையாய் நின்றார்.

அக்காலத்து ஆங்கில நாட்டில் நடுத்தரக் குடும்பத்துப் பெண்கள் கற்றது யாது? சிறிது பிரெஞ்சு, சிறிது சங்கீதம், சிறிது தையல், அவ்வளவே. கற்பித்தவர்களும் முறையாகக் கற்றவரல்லர். இக்குறையைத் தம்மிடத்தே முதலிற் கண்டவர் நம் அம்மையார். 1848-இல் ஹார்லி வீதியில் குவீன்ஸ் கல்லூரி தோன்றியது. பகலெல்லாம் பள்ளியிற் கற்பித்துவிட்டு, மாலையில் நடந்து சென்று அங்கே பாடங் கேட்டு, நற்சான்றுகள் பெற்றார். கற்பிப்பார் முதலிற் கற்றல் வேண்டும் என்பதை வாயாற் சொல்லாது வாழ்ந்து காட்டினார்.

1850-இல் பள்ளி கேம்டன் வீதிக்கு மாறி, வடலண்டன் கல்லூரிப்பள்ளி என்று பெயர் பெற்றது. தந்தையாரும் சகோதரர்களும் உடன் நின்று கற்பித்தனர். எம்மதத்தார் மகளும் அங்கே சேரலாம். தகப்பனார் உத்தியோகம் யாது, குடியிருப்பு எங்கே என்று எவரும் வினவுதல் இல்லை.

1863-இல் கேம்பிரிட்ஜ் பரீட்சையைப் பெண்களும் எழுதிப் பார்க்க ஒரு சோதனை ஏற்பாடு நிகழ்ந்தது. எமிலி டேவிஸ் அம்மையார் முயன்று பெற்ற வாய்ப்பு அது. நம் அம்மையார் தம் மாணவியர் 25 பேரை அனுப்பினார். எழுதிய பெண்களுட் பலர் கணிதத்தில் தோற்றனர். “பெண்மதிக்குக் கணக்கு எட்டாது” என்று நகைப்பார்க்கு இது நல்ல சமயமாயிற்று. அம்மையாரோ குறை மாணவியரிடத்தன்று, கற்பித்த முறையிலே என்று தெளிந்து, அதனைத் திருத்தினார். 1865-இல் அப்பரீட்சை பெண்களுக்கு முறைப்படி திறக்கப்பட்டது. அவ்வாண்டே அரசாங்கத்துப் பள்ளி விசாரணைக் கமிஷன் முன்னும் அவர் சாட்சியம் அளித்தார்.

அன்பர்களே! இனிச் சொல்வதை ஊன்றிக் கேட்டருள்க. பள்ளி அவர் குடும்பச் சொத்து. நல்ல வருவாயும் தந்தது. ஆயினும், ஒருவர் உடைமையாய் இருப்பது அவரோடு அழியும் என்று எண்ணி, 1870-இல் அதனைப் பொதுத் தர்மகர்த்தர்கள் கையில் ஒப்புவித்தார். அதுவரை உரிமையாளராய் இருந்தவர், அதன் பின் நிர்வாக சபைக்கு உட்பட்டுச் சம்பளம் பெறும் தலைமையாசிரியை ஆனார். தாமே ஆண்ட இடத்தில் பிறர் இசைவைக் கேட்டு நடத்தல் அவருக்கு எளிதாயிருக்கவில்லை. எனினும் பின்வாங்கவில்லை. 1871-இல் பழைய கட்டிடத்திலேயே, குறைந்த சம்பளத்தில் படிக்கும் பெண்களுக்காகக் கேம்டன் பள்ளி என்ற இரண்டாம் பள்ளியையும் திறந்தார்.

பள்ளி கொடுத்தாயிற்று, மூலதனத்திற்கு என் செய்வது? ஆண்பிள்ளைகளின் பள்ளிகளுக்குப் பழைய அறச்சொத்துக்கள் நிரம்ப இருந்தன. பெண்களுக்கோ மிகச் சிலவே. 1869-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வறங்களின் பயனைப் பெண்களுக்கும் நீட்டிக்க வழி செய்தது. லண்டனில் பீர் வடிப்போர் சங்கம், துணித் தொழிலாளர் சங்கம் என்று தொழில்வழி வந்த பழைய சங்கங்கள் உண்டு. ரிச்சர்டு பிளாட் என்பார் 16-ஆம் நூற்றாண்டில் ஆண்பிள்ளைகளுக்கென வைத்த அறம் முதற்சொன்ன சங்கத்தின் பொறுப்பில் இருந்தது. அதிலிருந்து ஒரு பகுதி இப்பெண்பள்ளிகளுக்குக் கிடைத்தது. இரண்டாம் சங்கத்தின் பொருளுதவியும் சேர, 1879-இல் பெருங்கட்டிடம் திறக்கப்பட்டது.

அம்மையார்பால் குறையே இல்லையென்று சொல்லேன். மாணவியாய் இருந்த மாலி ஹியூஸ் என்பார், பள்ளியின் விதிகள் அளவிறந்தன என்று பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். ஆயினும் 1874-இல் தலைமையாசிரியைகள் சங்கத்தை நிறுவி, 1894-இல் உயிர் நீக்கும் வரை அதன் தலைவராய் இருந்தவரும், ஆசிரியைகளுக்குப் பயிற்சி வேண்டுமென்று வாதாடியவரும் அவரே. அவருக்குப்பின் தலைமையேற்ற சோபி பிரையன்ட் கணிதம் வல்லவர்; கணக்கு எட்டாது என்றார்க்கு அதுவே விடை.

அந்தச் சங்கங்கள் தம் முன்னோர் வைத்த நிதியை, அவர் எண்ணியும் பாராத பெண்களுக்குத் திறந்துவிட்டன. அதனால் முன்னோர் பெயர் குறைந்ததா, வளர்ந்ததா? நம் சங்கத்து நிதிக்கும் முன்னோர் உண்டு; நம் இல்லங்களிலும் பெண்மக்கள் உண்டு. ஒவ்வோராண்டும் உபகாரச் சம்பளக் கணக்கை வாசிக்கும்போது, அதில் பெண்களின் பெயர் எத்தனை என்று எண்ணிப் பார்க்க வேண்டுகின்றேன். அவ்வெண் நம் நெஞ்சை உறுத்துமாயின், பஸ் அம்மையாரைப் போல் குறை நம் முறையிலே என்று கொண்டு திருத்துவோமாக.