நம் வயலில் உழைக்கும் நுண்ணுயிர்கள்



ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம், இருங்காட்டுக்கோட்டை வட்டாரத்தில் இன்னும் நெல் போட்டுக்கொண்டிருக்கும் விவசாயிகளைக் கேட்டால் மூன்று குறைகளைச் சொல்வார்கள். ஆள் கிடைக்கவில்லை, இளவட்டங்கள் எல்லாம் கம்பெனிக்கு ஷிப்டு வேலைக்குப் போய்விட்டார்கள் என்பது ஒன்று. உரச் செலவு கட்டுப்படியாகவில்லை என்பது இரண்டு. நிலம் முன்னே மாதிரி விளைச்சல் கொடுக்கவில்லை என்பது மூன்று. முதல் குறைக்கு என்னிடம் மருந்து இல்லை. மற்ற இரண்டுக்கும் ஓரளவு விடை நம் காலடி மண்ணிலேயே இருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

ஒரு சிட்டிகை நல்ல மண்ணில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாததை எப்படி நம்புவது என்று கேட்கிறீர்களா? உங்கள் வீட்டு இட்லி மாவைப் பாருங்கள். இரவு கரைத்து வைத்த மாவு காலையில் பொங்கி நிற்கிறது. பொங்க வைப்பது யார்? அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் நம் இட்லி மாவைச் சோதித்து 1965-ல் முடிவை வெளியிட்டார்கள். லூக்கோநாஸ்டாக் என்ற பாக்டீரியாதான் அதில் முக்கிய வேலையாள். அது காற்றிலிருந்து வந்து விழுவதில்லை. அரிசியோடும் உளுந்தோடும் ஒட்டிக்கொண்டே வருகிறது. வயலும் சமையலறையும் இப்படி ஒரே சங்கிலியில் இருக்கின்றன. அதனால்தான் இன்று பல நாட்டு விஞ்ஞானிகள் மண், பயிர், தீவனம், உணவு எல்லாவற்றிலும் உள்ள நுண்ணுயிர்களைச் சேர்த்து ஆராய்கிறார்கள்.

இந்த ஆராய்ச்சி ஒரு நாட்டின் சொத்து அல்ல. நம் வேளாண்மை விரிவாக்க மையத்தில் கிடைக்கும் அசோஸ்பைரில்லம் பொட்டலத்தையே எடுத்துக்கொள்வோம். அதில் உள்ள பாக்டீரியாவை முதலில் கவனித்தவர் ஹாலந்து நாட்டு விஞ்ஞானி பெய்ஜரிங்க். அவர் 1920-களில் எழுதி வைத்ததை வெகுகாலம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐரோப்பாவில் பிறந்து பிரேசில் நாட்டில் குடியேறிய ஜோஹன்னா டோபரைனர் என்ற அம்மையார்தான் 1970-களில் அதைப் புல் வகைப் பயிர்களின் வேரோடு சேர்த்துக் கண்டு, உலகத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். காற்றில் உள்ள நைட்ரஜனைப் பிடித்துப் பயிருக்குத் தழைச்சத்தாகக் கொடுக்கும் வேலை அதற்குத் தெரியும். வேரும் நன்றாகக் கிளைத்து ஓடத் தூண்டும். அதற்கு அசோஸ்பைரில்லம் என்று பெயர் வைத்தது 1978-ல். பிறகு பல நாடுகளில் சோதனை நடந்தது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் நம் பயிர்களுக்கு ஏற்றபடி பரிந்துரை வகுத்துக் கொடுத்தது. நீங்கள் கையில் வாங்கும் அந்தக் கறுப்புப் பொடிக்குப் பின்னால் இத்தனை பேர் உழைப்பு இருக்கிறது.

வேர்க்கடலைக் கதையும் கேட்க வேண்டியது. கடலை தென் அமெரிக்காவிலிருந்து நம் நாட்டுக்கு வந்த பயிர். அதன் வேர் முடிச்சில் வாழும் ரைசோபியம் பாக்டீரியாவில் என்.சி.92 என்று ஒரு வகை. அதுவும் தென் அமெரிக்க முடிச்சுகளிலிருந்து பிரித்தெடுத்ததுதான். அமெரிக்காவில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம் வழியாக ஐதராபாத் அருகே இக்ரிசாட் சர்வதேச நிலையத்துக்கு வந்து சேர்ந்தது. சோதனையில் சில ரகங்களுக்கு, சில நிலங்களில் மகசூல் கூடியது. எல்லா இடத்திலும் கூடவில்லை. இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. நுண்ணுயிர் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. பயிரும் மண்ணும் அதற்கு ஒத்துவர வேண்டும்.

இனி உபயோகிக்கும் முறைக்கு வருவோம். நெல் நடவுக்கு ஓர் ஏக்கர் நாற்றுக்கு 200 கிராம் பொட்டலம் அசோஸ்பைரில்லம் 2, பாஸ்போபாக்டீரியா 2 எடுத்து, சுமார் 16 லிட்டர் தண்ணீரில் கரைத்து, நாற்றின் வேரை 15 முதல் 30 நிமிடம் நனைத்து நட வேண்டும். நடவு வயலுக்கு ஒவ்வொன்றிலும் 4 பொட்டலம் எடுத்து, 10 கிலோ மக்கிய தொழு உரம், 10 கிலோ மணலோடு கலந்து நடவுக்கு முன் தூவ வேண்டும். மணல் இல்லையென்றால் வயல் மண்ணே போதும். திரவ உயிர் உரம் வாங்கினால் பாட்டிலில் போட்டிருக்கிற அளவுப்படி செய்யுங்கள்.

பொட்டலத்துக்குள் இருப்பது உயிர் என்பதை மறக்கக் கூடாது. வெயிலில் பைக் சீட்டின் மேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால் பாதி அங்கேயே செத்துப் போகும். யூரியாவோடு கலந்து வீசினாலும் அதே கதிதான். விதைக்குப் பூஞ்சாண மருந்து போடுவதானால் முதலில் மருந்து, 24 மணி நேரம் கழித்து உயிர் உரம். பொட்டலத்தில் உள்ள கெடு தேதியைப் பார்த்து வாங்குங்கள். தூவுவதானால் சாயங்காலமாக, நிலத்தில் ஈரம் இருக்கும்போது தூவுங்கள்.

இதைப் போட்டுவிட்டால் யூரியாவை அடியோடு நிறுத்தி விடலாமா? கூடாது. தழைச்சத்தில் கால் பங்கு வரை குறைக்கலாம் என்பதுதான் பரிந்துரை. அதையும் என் வார்த்தைக்காகச் செய்ய வேண்டாம். வருகிற நவரையில் ஒரு வயலில் பாதிக்கு இப்படிச் செய்து, மறுபாதியைப் பழையபடியே விட்டு, அறுத்து நிறுத்துப் பாருங்கள். உங்கள் தராசு சொல்வதுதான் உங்கள் நிலத்துக்குச் சரியான கணக்கு.

இப்போது மிக முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பொட்டலத்தில் வரும் பாக்டீரியா விருந்தாளி மாதிரி. தங்க இடமும் தின்ன சோறும் வேண்டும். அதன் வீடு மேலே உள்ள அரையடி மண். அதன் சோறு மக்கும் பொருள். நம் பக்கத்தில் மனை போடவும் பள்ளம் மேடாக்கவும் லோடு லோடாக மண் கேட்டு வருகிறார்கள். சும்மா கிடக்கிற நிலம்தானே, ஓரடி கொடுத்தால் கைக்குக் காசு வருகிறதே என்று சிலர் கொடுத்துவிடுகிறார்கள். அந்த ஓரடியோடு போவது வெறும் மண் அல்ல. பல தலைமுறை தொழு உரம் போட்டு வளர்த்த உயிர்க்கூட்டம் அத்தனையும் லாரியில் போகிறது. அடியில் மிஞ்சும் சவத்த மண்ணில் எத்தனை பொட்டலம் கொட்டினாலும் பழைய நிலைக்கு வரப் பல வருஷம் பிடிக்கும். குத்தகைக்கு உழுகிறவர்கள் நில உடைமையாளரிடம் இதைப் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

செய்ய வேண்டியது பெரிய செலவில்லை. தாளைக் கொளுத்தாமல் மடக்கி உழுங்கள். தண்ணீர் இருக்கும்போது தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் சமயத்தில் மிதித்து விடுங்கள். உரிய அனுமதி பெற்று ஏரி வண்டல் அடியுங்கள். இரண்டு மாடு இருந்தாலும் சாணத்தை வீணாக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. நம் மண்ணின் நுண்ணுயிருக்கு மதிப்பு உண்டு என்று சட்டமே சொல்கிறது. 2002-ம் ஆண்டு உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டத்தில் செடி, விலங்கோடு நுண்ணுயிரும் சேர்த்தி. வெளிநாட்டு நிறுவனம் நம் வயலின் நுண்ணுயிரை ஆராய்ச்சிக்கு எடுத்துப் போக விரும்பினால், சென்னை தரமணியில் உள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி பெற வேண்டும். அரசு ஒப்புதல் பெற்ற கூட்டு ஆராய்ச்சித் திட்டங்களுக்குத் தனி விதி இருக்கிறது. ஆகவே யாராவது மண் மாதிரி கேட்டு வந்தால், எந்த நிறுவனம், எதற்கு, அனுமதி உண்டா என்று தயங்காமல் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

வெளிநாட்டார் அனுமதி கேட்டு எடுத்துப் போக வேண்டிய பொருளை, நாம் லோடு கணக்கில் பள்ளத்தில் கொட்டலாமா? யோசித்துப் பாருங்கள். மேலும் விவரம் வேண்டுவோர் உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தையோ, காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தையோ, திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தையோ அணுகலாம்.