ரிப்போர்ட் நார்மல், பயம் போகவில்லை

ஈசிஜி நார்மல், எக்கோ நார்மல். டாக்டரும் "ஒன்றுமில்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அன்று இரவு படுத்ததும் நெஞ்சில் ஒரு சுருக். மெஷின் தப்பாகக் காட்டியிருந்தால்? மறுநாள் வேறு லேப். நோய் வந்துவிட்டதோ என்று சதா வாட்டும் இந்தப் பயத்துக்கு இன்னொரு டெஸ்ட் மருந்தாகாது என்பதே நான் சொல்ல வருவது. பெரிய நோய்க்கு வாய்ப்பு குறைவான அறிகுறிகளோடு வந்த 3,828 பேரைப் பற்றிய 14 ஆய்வுகளை 2013இல் தொகுத்துப் பார்த்தார்கள். டெஸ்ட் எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் நோய்க் கவலையில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை.

ஏன் இப்படி? கழுத்தில் சின்னதாக நெறி கட்டியிருக்கிறது என்று வையுங்கள். அதை ஓயாமல் அழுத்திப் பார்த்தால் அந்த இடம் கன்றி வலிக்கும். வலிக்கிறதே, வளர்கிறதோ என்று விரல் மறுபடி அங்கேதான் போகும். நாடி பார்க்கும் பதற்றத்திலேயே நாடி வேகமெடுக்கும். பயத்துக்கு வேண்டிய சாட்சியைப் பயமே தயாரித்துக்கொள்கிறது. அடுத்தவர் சொல்லும் ஆறுதலும் அப்படித்தான். சற்று நேரம் தணிக்கும், பிறகு இன்னும் கேட்கத் தூண்டும். பிரிட்டனைச் சேர்ந்த பால் சால்கோவ்ஸ்கிஸும் ஹிலரி வார்விக்கும் இதை 1986இலேயே எடுத்துக்காட்டினார்கள். சிபிடி என்னும் பேச்சுச் சிகிச்சை இந்தச் சுழலில்தான் கை வைக்கிறது. அழுத்துவதைச் சில நாள் நிறுத்தினால் வலி என்ன ஆகிறது என்று பயப்படுபவரே பார்க்கிறார். கூகுளில் தேடுவதைத் தள்ளிப்போடுகிறார். இங்கிலாந்தின் ஐந்து மருத்துவமனைகளில் 444 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2014இல் லான்செட் இதழில் வந்தது. ஐந்து முதல் பத்து அமர்வுகள்தான். பலன் இரண்டு ஆண்டுக்குப் பிறகும் நின்றது. பயிற்சி பெற்ற நர்ஸுகளே இதைத் திறம்படச் செய்தார்கள் என்பது, மனநல மருத்துவர்கள் போதாத நம் நாட்டுக்கு முக்கியமான செய்தி.

நிஜமான நோயைத் தவறவிட்டால் என்ன செய்வது? நியாயமான கேள்வி. புதிதாக ஓர் அறிகுறி, காரணமில்லாத எடைக்குறைவு, ரத்தப்போக்கு என்றால் தாமதிக்காமல் காட்டத்தான் வேண்டும். பார்த்து முடித்த அதே அறிகுறிக்காக லேப் லேபாக ஏறி இறங்குவதைத்தான் வேண்டாம் என்கிறேன். ஒரே டாக்டரிடம், குறித்த தேதியில் போனால் போதும். வெறும் மனப்பிராந்தி, உதறித் தள்ளு என்பவர்களும் உண்டு. அவர்களுக்கு 2023 இறுதியில் ஸ்வீடனிலிருந்து பதில் வந்தது. இந்த நோய்ப் பயம் ஒரு கோளாறாகவே உறுதிசெய்யப்பட்ட 4,129 பேரிடம் தற்கொலை, மற்றவர்களைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு. இதை உதறச் சொல்வது கொடுமை. பதறுபவரை மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். தேவைப்பட்டால் மாத்திரையும் தருவார். முதலில் யாரிடமாவது பேசவேண்டும் என்றால் டெலி மானஸ் என்னும் மனநல உதவி எண் 14416. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.