முல்லை அழவில்லை
(கோவையில் நடந்த குறுவள மையக் கூட்டத்தில் பேசியது)



கையறுநிலைத் துறையை நடத்தும்போது நான் பல ஆண்டுகள் செய்துவந்த தவறு ஒன்றைச் சொல்கிறேன்.

எடுத்துக்காட்டாக எப்போதும் புறநானூற்றின் 242ஆம் பாடலைத்தான் சொல்வேன். ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் இறந்தபின் குடவாயிற் கீரத்தனார் பாடியது. பூச்சூடும் மனநிலையில் ஊரில் எவருமில்லை, பாணர்கூட இல்லை. ஆனாலும் முல்லை பூத்திருக்கிறது. அதைப் பார்த்துப் புலவர் பேசுகிறார். 'இயற்கையும் துக்கத்தில் பங்குகொள்கிறது' என்று விளக்கி, குறிப்பேட்டிலும் எழுதவைப்பேன். சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டைக் கொடிகள் கோவலனை வரவேண்டாம் என்று கைகாட்டுமே, அந்தத் தற்குறிப்பேற்றத்தோடு இதையும் சேர்த்துவிட்டேன்.

சத்தியமங்கலம் பக்கம் பணியாற்றியபோது, பத்தாம் வகுப்பில் ஒரு மாணவி. தந்தையை இழந்து சில மாதங்களே ஆகியிருந்தன. அன்றைக்கு இந்தப் பாடலைத் தள்ளிவைத்திருக்கலாம், எனக்குத் தோன்றவில்லை. அவர்களுக்கு முல்லைத் தோட்டம் உண்டு. மொட்டாகப் பறித்து அனுப்பினால்தான் கோவைப் பூ மார்க்கெட்டில் விலை. மலர்ந்துவிட்டால் போச்சு.

அவளாகவே எழுந்தாள். "பூ எங்கீங்கய்யா அழுதுச்சு? எங்கப்பா போன அன்னைக்கும் பூத்துச்சுங்க. பறிக்க ஆளில்லீங்க. செடி பூரா வெள்ளையா நின்னுச்சுங்க."

என்னிடம் பதிலில்லை. பி.எட். படிப்பில் இதற்கெல்லாம் பாடத்திட்டம் ஏது?

வீட்டுக்குப் போய்ப் பாடலை மறுபடி படித்தேன். அவள் சொன்னதுதான் சரி. முல்லை வழக்கம்போலப் பூத்தது. அதுதான் புலவருக்குத் தாங்கவில்லை. பாரி மகளிர் பாடிய 112ஆம் பாடலும் அப்படியே. போன மாத நிலவின்போது தந்தை இருந்தார், பறம்பு மலையும் அவர்களிடம் இருந்தது. இந்த மாதம் இரண்டும் இல்லை, நிலவு மட்டும் வந்துவிட்டது. மொத்தம் ஐந்தே அடிகள். துயரம் என்ற சொல்லே அதில் கிடையாது.

இப்போதெல்லாம் துறைப் பெயரைக் கடைசியில்தான் கரும்பலகையில் எழுதுகிறேன். வேண்டியவர் ஒருவர் போனபின் எது மாறாமல் இருந்தது என்று முதலில் கேட்கிறேன். விரும்பியவர் எழுதலாம். மதிப்பெண் கிடையாது, எழுந்து வாசிக்கச் சொல்வதும் கிடையாது. தாத்தா வைத்த கறிவேப்பிலைச் செடி மழைக்குத் துளிர்த்ததை ஒரு பையன் எழுதினான்.

அந்த மாணவி அப்போது எதுவும் எழுதவில்லை. ஆண்டு முடியும் நேரத்தில் ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போனாள். அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இங்கே சொல்கிறேன். பூ எடுக்க வரும் வண்டிக்காரர் இன்னமும் வாசலில் நின்று அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார் என்று எழுதியிருந்தாள்.