கூடையைக் காத்தவர்



கூடைப்பந்து ஆட்டத்தில் சிறந்தவர் யார் என்று கேட்டால், கூடையில் மிகுதியாகப் பந்து போட்டவரே என்று உடனே விடை கூறிவிடுவீர்கள். அவ்விடை முழு உண்மை ஆகாது என்பதைத் தம் ஆட்டத்தினாலேயே நிலைநாட்டிய ஒருவரைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். அவர் பெயர் பில் ரஸ்ஸல்.

1934-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 12-ஆம் நாள் அமெரிக்க நாட்டின் லூயிசியானா மாநிலத்தில் அவர் பிறந்தார். கறுப்பின மக்களுக்குத் தனிப் பள்ளி, தனி இருக்கை என்று சட்டமே வேலி கட்டியிருந்த காலம் அது. அவ்விழிவைப் பொறாத அவர் குடும்பம் கலிபோர்னியாவிலுள்ள ஓக்லந்து நகருக்குக் குடிபெயர்ந்தது. பன்னிரண்டாம் வயதில் அவர் தாயை இழந்தார். உயர்நிலைப் பள்ளிக் குழுவில் சேர முயன்றபோது, ஒல்லியான அந்த மாணவரிடம் சொல்லத்தக்க திறமை எதுவும் வெளிப்படவில்லை. ஆயினும் ஜார்ஜ் பௌல்ஸ் என்னும் ஆசிரியர் அவரை நீக்காது வைத்துக்கொண்டார். உடுப்பு போதாமையால், ஓர் உடுப்பை மற்றொரு மாணவரோடு முறைவைத்து அணிய வேண்டியிருந்தது.

இச்செய்தியைப் படித்தபோது என் நெஞ்சு கனத்தது. தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், விளையாட்டுக் குழுப் பட்டியல்களில் எத்தனையோ பெயர்களை ஒரே கோட்டில் அடித்திருக்கிறேன்.

நீக்கப்படாத அம்மாணவர் என்ன ஆனார்? 1955, 1956 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தைத் தேசிய வாகை சூடச் செய்தார். 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். பின்னர் பாஸ்டன் செல்டிக்ஸ் என்னும் தொழில்முறைக் குழுவில் 13 பருவங்கள் ஆடினார். அவற்றுள் 11 முறை அக்குழு வாகை சூடியது.

இத்தனைக்கும், ஓர் ஆட்டத்துக்கு அவர் ஈட்டிய சராசரிப் புள்ளிகள் ஏறத்தாழ 15 தான். அவருடைய போட்டியாளரான வில்ட் சேம்பர்லேன் 1962-இல் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் குவித்தவர்; எனினும் அவர் பெற்ற வாகைகள் இரண்டே. ரஸ்ஸலின் வல்லமை தடுப்பதில் இருந்தது. எதிரி எறியும் பந்தைத் தடுப்போர், கூட்டம் ஆரவாரிக்கும்படி அதை வெளியே அறைந்துவிடுவதுண்டு. அப்போது பந்து மீண்டும் எதிரிக்கே சேரும். ரஸ்ஸலோ அதை மெல்லத் தட்டித் தம் தோழர் கையில் சேர்ப்பார். தடுத்த கணமே தாக்குதல் தொடங்கிவிடும்! இவ்வாறு தடுத்தவற்றை அந்நாளில் எவரும் கணக்கில் எழுதவில்லை. எண்ணப்படாத உழைப்பே அவருடைய பெரும்பணி.

ஆடுகளத்துக்கு வெளியிலும் அவர் தலைகுனியவில்லை. 1961-இல் கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டன் நகரில், கறுப்பின ஆட்டக்காரர்களுக்கு உணவு பரிமாற மறுத்தனர். ரஸ்ஸலும் அவருடைய கறுப்பினத் தோழர்களும் ஆட மறுத்து ஊர் திரும்பினர். அவர் புகழ் சேர்த்த பாஸ்டனுக்கு அருகிலேயே, அவர் வீட்டினுள் சிலர் புகுந்து சுவர்களில் இழிமொழி எழுதிச் சென்றனர். அந்தக் காயம் ஆறவில்லை போலும். 1972-இல் அவருடைய எண்ணைச் சிறப்பிக்கும் சடங்கைப் பார்வையாளர் எவருமில்லாத அரங்கிலேயே நடத்தச் செய்தார்.

1966-இல் அவர் அச்சங்கத்தின் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளரானார். ஆடிக்கொண்டே பயிற்றுவித்து, 1968-இலும் 1969-இலும் வாகை பெற்றார். 2022-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 31-ஆம் நாள், 88-ஆம் வயதில் மறைந்தார். அவர் அணிந்த 6 என்னும் எண்ணை இனி எக்குழுவிலும் எவருக்கும் புதிதாக வழங்குவதில்லை என்று அவ்வாண்டே சங்கம் முடிவு செய்தது.

மாணவர்களே, உங்கள் பள்ளித் திடலில் ஆட்டம் நடக்கும்போது புள்ளிப் பலகையோடு நின்றுவிடாதீர்கள். பந்தைப் போட்டவருக்கு அதைக் கொடுத்தவர் யார் என்றும் பாருங்கள். உங்களில் குழுத் தலைவராக வருவோர், ஒரு பெயரை அடிக்குமுன் சில நாள் பொறுத்துப் பாருங்கள். பொறுக்காமல் நான் அடித்த பெயர்களை எண்ணியே இதைச் சொல்கிறேன்.